மாண்ட்ரியாலில் ஒடியாத வயர்

மாண்ட்ரியால் போய் என்ன பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று வேலூரில் என்னைக் கேட்காத ஆளில்லை. பழைய தேவாலயம், உறைந்து கிடக்கும் ஆறு, பூமிக்கு அடியில் டயர் சக்கரத்தில் ஓடும் ரயில் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். உண்மையில் நான் அங்கே பார்த்ததெல்லாம் வயர்தான். காரில் வைத்து செல்ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற வயர். அந்த ஊர்க் குளிரில் அது விறைக்கும், வெடிக்கும், ஒடியும். ஒடியாத ஒன்றைத் தேடித்தான் என் கனடாப் பயணத்தில் பெரும்பகுதி போனது.

போனது என்னவோ மகள் வனிதாவின் பிரசவத்துக்கு. தாய்வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ள வேண்டியவளை விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீடே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது. என் மனைவி கோமதிக்கு அங்கே கை நிறைய வேலை காத்திருந்தது. சுக்கு, மிளகு, ஓமம், பிரசவ மருந்துப் பொடி என்று பாதிப் பெட்டியை அவளே அடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு வேலையும் கிடையாது. பஸ் கார்ப்பரேஷனில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை.

விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை பிரபு வந்திருந்தார். படிக்கப் போன இடத்திலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவர். கடைகளில் பில் போடும் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. கியூபெக் மாகாணம் முழுக்கக் காரில் சுற்றுவார். அந்தக் கார் வெளியே திறந்தவெளியில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்ததும் பனிக்கட்டிப் பாளத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் முதல் காரியமாக ஃபோனை எடுத்து, சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகியிருந்த சுருள் வயரை இழுத்தார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வயரின் மேல்தோல் துண்டு துண்டாகக் கொட்டி, உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டியது.

அவர் வாயில் ஏதோ வசவு வந்தது. பக்கத்தில் மாமனார் இருப்பது ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டார். ஒடிந்த வயரைப் போட முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே அதே மாதிரி ஒடிந்த வயர்கள் குப்பையாகக் கிடந்தன. சிலவற்றுக்கு டேப் சுற்றி வைத்தியம் நடந்திருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திப் புதிதாக ஒன்றை வாங்கி, ஃபோனில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினார். பின்சீட்டில் கோமதி பல் கிட்டிப் போய் உட்கார்ந்திருந்தாள். ஃபோன் பைத்தியம் பிடித்த மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாவது மாடி. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, இரும்பில், வளைந்து வளைந்து ஏறும். அதன் மேல் ஐஸ். நிறைமாதக் கர்ப்பிணி இதில் எப்படி ஏறி இறங்குகிறாள் என்று கேட்டேன். இறங்குவதே இல்லை என்றாள் வனிதா. மெலிந்திருந்தாள். வயிறு மட்டும் அவளுடையது இல்லை என்பது போல முன்னால் வந்து நின்றது. கோமதி அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பிரபு இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பினார். அங்கே சாயங்காலம் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த புருஷனைப் பார்த்து நம் ஊரில் பெண்கள் சாப்பிட்டீங்களா என்பார்கள், காபி போடவா என்பார்கள். வனிதா சோபாவிலிருந்து தலையைத் திருப்பி, “சார்ஜ் இருக்கா?” என்று கேட்டாள். அவர் பையிலிருந்து ஃபோனை எடுத்துக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. பங்கில் வாங்கிய வயர் ஏற்கனவே ஒரு பக்கம் வெடித்துவிட்டதாக அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் மாப்பிள்ளை, ஒடியாத வயர் ஒன்று இந்த ஊரில் கிடைக்காமலா போகும் என்றேன். பொழுது போக ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொன்னதுதான். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்த ஊரில் கடைக்குப் போவது லேசான காரியமில்லை. உள்பனியன், அதன் மேல் ஒன்று, சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, குல்லாய், மஃப்ளர், கையுறை, இரட்டைக் காலுறை, யானைக்கால் மாதிரி பூட்ஸ். எல்லாம் மாட்டி முடித்த பிறகு பாத்ரூம் வரும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டுவதற்குள் அலுத்துப்போய், நாளைக்குப் போனால் என்ன என்று தோன்றும். வேலூர் வெயிலைத் திட்டித் தீர்த்த வாய்க்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே ஒரு வேட்டி துண்டோடு உலகத்தையே சுற்றி வரலாம்.

இரண்டு தெரு தள்ளித் தவம் என்பவரின் கடை இருந்தது. மட்டக்களப்புக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஃபோன் கார்டு, கருவாடு, சாமி படம், தமிழ்ப் பட சிடி, கார் சாமான் எல்லாம் ஒரே அறைக்குள். உள்ளே நுழைந்ததும் என் மூக்குக் கண்ணாடி பனி பிடித்து வெளுத்துப்போனது. குருடன் மாதிரி வாசலில் நின்றவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, பால்தேநீரும் மாலு பணிஸும் கொடுத்தார். மாலு பணிஸ் என்பது உள்ளே மீன் பொதிந்த முக்கோண பன். சூடாக இருந்ததால் அமிர்தமாக இறங்கியது.

வயர் கேட்டேன். ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்து வைத்தார். அப்போதெல்லாம் ஒவ்வொரு கம்பெனி ஃபோனுக்கும் ஒவ்வொரு முனை. ஒன்று இன்னொன்றில் நுழையாது. எது ஒடியாது என்று கேட்டதற்கு அவர் பெட்டியை மூடிவிட்டார்.

“நான் பொய் சொல்லி விக்க மாட்டன் ஐயா. இதெல்லாம் சூட்டு நாட்டுக்குச் செய்த சாமான். இங்கத்தக் குளிருக்கு ஒரு மாசம் நிண்டாலே பெரிய காரியம்.”

கார் சூடாகிற வரைக்கும் வயரைத் தொடாமல் இருந்தால் கொஞ்ச நாள் கூட வரும், ஆனால் யார் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். மாப்பிள்ளை நாளெல்லாம் கடை கடையாக ஏறி இறங்குகிறவர். அவர் உள்ளே போய் வருவதற்குள் கார் மறுபடி விறைத்துவிடும். புரோசார்டில் பெரிய பெரிய கடைகள் இருக்கின்றன, அங்கே பாருங்கள் என்று தவமே வழி சொல்லி அனுப்பினார்.

புரோசார்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மெத்ரோ ரயிலில் டிக்கெட் எடுத்து, மாற்றுச் சீட்டு ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் காட்டிப் பாலம் தாண்டுகிற பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நான் சீட்டை மறுபடி காட்டினேன். அவரும் மறுபடி சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை வெளியே பனியில் நடுங்கியது. கடைசியில் ஒரு கிழவி எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள்: மாண்ட்ரியால் ஆற்று நடுவே ஒரு தீவாம், அது அந்தத் தீவுக்குள் ஓடும் பஸ்ஸுக்கான சீட்டாம், இது வேறு கம்பெனி பஸ்ஸாம், நீங்கள் இப்போது டிக்கெட் இல்லாமல் நிற்கிறீர்கள் என்று ஓட்டுநர் சொல்கிறாராம்.

டிக்கெட் இல்லாமல் நிற்கிறவனைப் பிடிப்பதிலேயே ஆயுசைக் கழித்தவன் நான். சீட்டு காற்றில் பறந்துவிட்டது, கண்டக்டர் கொடுக்கவில்லை, தெரியாமல் ஏறிவிட்டேன் என்று என்னிடம் சொல்லாத சாக்கே கிடையாது. ஒருவரையும் நம்பியதில்லை. இங்கே ஓட்டுநர் என் குல்லாயையும் நீர் வடியும் மூக்கையும் ஒரு முறை பார்த்துவிட்டு, போய் உட்கார் என்று கையைக் காட்டினார். வழி முழுக்க யாராவது ஏறிச் சோதிப்பார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடை நம் ஊர் பஸ் டிப்போ அளவுக்கு இருந்தது. விற்பனைப் பெண்ணுக்கு பிரெஞ்சு தெரியும், அவள் பாணியில் ஆங்கிலம் தெரியும். என் ஆங்கிலம் வேலூர் ஆங்கிலம். குளிரில் ஒடியாதது வேண்டும் என்று விளக்க, கையைக் கட்டி நடுங்கிக் காட்டினேன். அவள் போய் ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்தாள். தலையை ஆட்டினேன். கம்பளி போர்வை வந்தது. பிறகு ஒரு வயரை நானே தேடி எடுத்து, ஒடிப்பது போல் செய்து காட்டியதும் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மூன்று தினுசு எடுத்துக் கொடுத்தார். எல்லாமே தரமானவைதானாம். அட்டையில் அழகாக அச்சடித்திருந்தது.

அங்கேயே ஒரு கடையில் பசிக்கு உட்கார்ந்தேன். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் பாலாடைக்கட்டியைத் தூவி, அதன் மேல் பழுப்பாகக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். மொறுமொறுவென்று பொரித்ததை எதற்காகக் குழம்பில் ஊறவைக்கிறார்கள் என்று புரியவில்லை. பசித்த வயிறு எதுவும் பேசவில்லை. திரும்பும்போது பஸ் மாறி ஏறி, ஏதோ ஒரு குடியிருப்பு நடுவில் இறங்கி, பனியில் கால் புதைய நடந்து, வீடு சேர்ந்தபோது கோமதி என்னைப் பார்த்து, வயர் வாங்கப் போனீர்களா, வனவாசம் போனீர்களா என்று கேட்டாள்.

அட்டையில் அச்சடித்ததை நம்புகிறவன் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருக்க முடியாது. அந்த வீட்டுப் பின்பக்க பால்கனியிலிருந்து எதிர்க் கம்பம் வரைக்கும் கப்பி போட்ட துணிக்கொடி உண்டு. மூன்று வயர்களையும் துணிக் கிளிப் போட்டு அதில் தொங்கவிட்டேன். காலையில் இழுத்து எடுத்து மடக்கிப் பார்த்தேன். ஒன்று விரலில் பட்டதுமே வெடித்தது. இன்னொன்று குச்சி மாதிரி நின்று, மடக்கியதும் இரண்டாகப் போனது. மூன்றாவது தோல் மட்டும் தப்பியது. உள்ளே கம்பி ஒடிந்துவிட்டது. கீழ் வீட்டு பால்கனியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த வனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை அஹுன்ட்சிக் பக்கம் ஒரு கடையில் மெஷின் பழுது என்று பிரபு கிளம்பினார். வீட்டில் அடைந்து கிடந்து எனக்கும் சலித்துவிட்டதால் கூடவே போனேன். வேலை முடித்துத் திரும்பும்போது அவர் ஃபோன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. அவர் அதைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு வண்டியை ஓட்டினார். திருப்பிக் கூப்பிடவில்லை. யார் என்று கேட்டேன். வனிதாதான், சாப்பிட்டுவிட்டாளாம் என்றார். பகலில் ஃபோனை எடுத்தால் கேட்கிறவருக்கும் காசு போகிற ஊர் அது. அதனால் ஒரு மிஸ்டு கால் வந்தால் நான் நன்றாக இருக்கிறேன், கூப்பிட வேண்டாம் என்று அர்த்தமாம். வேறு எதுவானாலும் எடுக்கும் வரைக்கும் அடிப்பாளாம். அந்த ஏற்பாடு எப்போதிலிருந்து என்று சும்மா கேட்டுவைத்தேன். சிக்னலில் வண்டி நின்றது.

“போன குளிர்ல இருந்துதான் மாமா. அன்னிக்கு நான் ட்ருவா ரிவியேர்ல இருந்தேன், இங்கேர்ந்து ஒண்ணரை மணி நேரம். காலைலயே வயர் ஒடிஞ்சுபோச்சு. சாயங்காலம் வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். மத்தியானமே ஃபோன் செத்துப்போச்சு.”

போன குளிர்காலத்தில் வனிதாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது எங்களுக்குத் தெரியும். நிலைக்கவில்லை என்று ஃபோனில் சொன்னார்கள். கோமதி பூஜை அறையில் போய் அழுதாள். நான் மொட்டை மாடிக்குப் போனேன். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அவள் அந்த வீட்டில் தனியாக இருந்தாள் என்பதும், அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அரைகுறை பிரெஞ்சில் தானே ஆம்புலன்ஸை வரவழைத்து, அந்த இரும்புப் படியில் ஸ்ட்ரெச்சரில் இறங்கினாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டதும் மெசேஜ் மேல மெசேஜ் மாமா. எல்லாம் அவ குரல். கடைசியில ஒண்ணு, அதுல பேச்சே இல்ல. இன்னி வரைக்கும் அதைப் பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அதற்குப் பிறகு அந்த ஃபோனை அவர் அணைத்ததே இல்லையாம். குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்று சட்டைக்கு உள்ளே வைத்துக்கொள்கிறார். கோயிலிலும் அணைப்பதில்லை. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜன்னல் மேல் வைக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு வயர் வாங்கச் சோம்பல்பட்டு என் பெண்ணை இப்படி விட்டாயா என்று சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. மருமகனைத் திட்டுகிற உரிமை நம் பக்கத்து மாமனாருக்கு ஏது. திட்டியிருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும் போல. பார்த்து ஓட்டுங்க மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து வயர் எனக்குப் பொழுதுபோக்காக இல்லை. குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிடைக்கிற வயரையெல்லாம் வாங்கிக் கொடியில் தொங்கவிட்டேன். தவம் தெரிந்த கடைகளுக்கெல்லாம் ஃபோன் போட்டு விசாரித்தார். குளிர் இன்னும் இறங்கியது. மூக்கு முடி உறைந்து ஊசி மாதிரி குத்தியது. ஒவ்வொரு காலையும் கொடியை இழுப்பேன், மடக்குவேன், ஒடியும். கையெல்லாம் வெடித்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, இந்த ஊரை விட்டு எப்போது போவோம் என்று ஆகிவிட்டது. வெளியே சொல்லவில்லை.

ஒரு நாள் காலை பின்சந்தில் நடந்துகொண்டிருந்தபோது கிரேக்கக் கிழவரின் கார் கண்ணில் பட்டது. அதன் மூக்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, முனையில் பிளக்கோடு. இரவில் இஞ்சின் உறையாமல் சூடாக வைத்திருக்க அதை வீட்டுக் கரண்டில் மாட்டுவார்களாம்; எனக்கு அது அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அது இரவெல்லாம் வெட்ட வெளியில் கிடந்திருக்கிறது, ஒரு கீறல் இல்லை என்பதுதான். கையுறையைக் கழற்றிவிட்டு அதை மடக்கினேன். செருப்பு வார் மாதிரி வளைந்தது. இன்னும் நன்றாக மடக்கினேன். மேலேயிருந்து ஒரு கத்தல் கேட்டது. கிழவர் பனியனோடு பால்கனியில் நின்று, காருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்கிற தோரணையில் கையை வீசினார்.

நான் வயரைத் தூக்கிக் காட்டி, கொடியைக் காட்டி, ஒடிப்பது போல் செய்து, தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தினமும் வேடிக்கை பார்த்தவர் ஆயிற்றே. ரப்பர், ரப்பர் என்று இரண்டு முறை கத்திவிட்டு, குளிர் தாங்காமல் உள்ளே ஓடினார்.

இரும்புச் சாமான் கடையில் அதே மாதிரி ரப்பர் உறை போட்ட வயரை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். பிரபு சமையல் மேசையில் உட்கார்ந்து, ஒடிந்த பழைய சார்ஜரின் இரண்டு முனைகளையும் வெட்டி எடுத்து, நடுவில் இந்த ரப்பர் வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பார்க்க அசிங்கமாக இருந்தது. விரல் தண்டி வயரின் முனையில் ஊசி போல ஒரு முனை. சாரைப்பாம்புக்கு மூக்குத்தி போட்ட மாதிரி என்றாள் கோமதி. கொடியில் தொங்கவிட்டேன். காலையில் மடக்கினேன், முறுக்கினேன், இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் மூன்று பேரையும் எழுப்பிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு பிரபுவின் ஃபோன் சார்ஜ் இல்லாமல் வீட்டுக்கு வந்ததே இல்லை. வனிதா கேட்கும்போது அவர் நிமிர்ந்து நின்று காட்டினார். நான் கடைக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் தூங்கினேன். இனி ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று பகல் கோமதி கேட்ட பூண்டு வாங்கத் தவம் கடைக்குப் போயிருந்தேன். பேச்சு நீண்டுவிட்டது. பனி கொட்ட ஆரம்பித்த பிறகுதான் திரும்பினேன். வனிதா படுக்கையறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோமதி அடுப்பில் சீரகக் கஷாயம் வைத்திருந்தாள். கஷாயம் குடித்தும் அடங்காவிட்டால் அது பொய் வலி இல்லை, நிஜ வலி என்பது அவள் கணக்கு. ஒரு டம்ளர் ஏற்கனவே குடித்தாகிவிட்டது. வலி அடங்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சொன்னாயா என்று கோமதியைக் கேட்டேன்.

“அப்பவே மிஸ்டு கால் குடுத்துட்டேன். ரெண்டாவது தரமும் குடுத்தேன். கூப்பிடுவாரு.”

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. செல்ஃபோன் வந்த நாளாகக் கோமதி யாருக்கும் முழு ரிங் விட்டதில்லை. வேலூரில் அவள் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். நான் எங்கே இருந்தாலும் திருப்பிக் கூப்பிட வேண்டும். அண்ணன், தங்கை, பால்காரர் எல்லோருக்கும் அதே வழக்கம். அவசரமானால் இரண்டு மிஸ்டு கால். அந்த வீட்டில் மிஸ்டு காலுக்கு நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லத் தோன்றவில்லை. சார்ஜ் நிறைந்த ஃபோனோடு, பொண்டாட்டி சாப்பிட்டுத் தூங்குகிறாள் என்ற நிம்மதியில் மாப்பிள்ளை எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

வனிதா சுவரைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்தாள்.

“அவர் எடுக்கலையாம்மா?”

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அதில் கோபம் இல்லை. மறுபடியும் இப்படித்தானா என்று எப்போதோ தயாராகிவிட்ட முகம் அது. நான் கோமதி கையிலிருந்து வீட்டு ஃபோனின் ரிசீவரைப் பிடுங்கிக் கடைசியாக அழைத்த எண்ணை அழுத்தினேன். அடிக்கவிட்டேன். ஒரு ரிங் முடிந்து இரண்டாவது வருவதற்குள் எடுத்துவிட்டார்.

“சொல்லு வனி.”

நான் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வயர் போய்விட்டதா, லைன் போய்விட்டதா என்று ஒரு கணம் என் உயிர் போய் வந்தது. பிறகு அவர் மூச்சு கேட்டது. சான்த்-இயாசின்த்தில் இருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றார். பனி கொட்டுகிறது, மெதுவாக வாருங்கள் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வனிதாவின் காதில் வைத்தேன். அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கூப்பிட்டதும் தவம் கடையைப் பூட்டிவிட்டு வேனோடு வந்தார். நாங்கள் மூன்று பேருமாக அவளை அந்தப் படியில் இறக்கினோம். தவம் முன்னால் பின்புறமாக இறங்கினார். கோமதி ஒவ்வொரு படிக்கும் முருகா முருகா என்றாள். கிரேக்கக் கிழவர் ஓடி வந்து எங்களுக்கு முன்னால் படியெல்லாம் உப்பைக் கொட்டினார். வேனில் தவத்தின் ஃபோனை வாங்கி வனிதா மறுபடி அவரிடம் பேசினாள். எங்கே வந்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

“பயப்படாதீங்க ஐயா, தலைப்பிள்ளை எண்டா நேரம் எடுக்கும். அவர் வந்து சேர்ந்திருவார்” என்றார் தவம், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

ஆஸ்பத்திரியில் வனிதாவையும் கோமதியையும் உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். காபி மெஷினில் வந்த காபி வெந்நீர் மாதிரி இருந்தது. அங்கே எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். நம் ஊர் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிற இரைச்சலும் சண்டையும் இருந்தால் எவ்வளவோ தேவலாம் என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குப் பனி.

பிரபு வந்தபோது தலையெல்லாம் பனியாக இருந்தது. காரை எங்கே விட்டார் என்று தெரியாது. கோட்டைக் கழற்றக்கூட இல்லை. கையில் ஃபோனை இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து எங்கே மாமா என்றார். கதவைக் காட்டினேன். கோமதி வெளியே வந்தாள், அவர் உள்ளே போனார். இன்னும் பிறக்கவில்லை, நேரமாகுமாம் என்று சொல்லிக் கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னாலதாங்க தாமதம் என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியூரில், நாலு பேர் எதிரில், அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை.

பொழுது சாய்ந்து, விளக்கெல்லாம் போட்ட பிறகு கதவு திறந்தது. பிரபு வெளியே வந்தார். கண் சிவந்து, முகம் கோணிக்கொண்டு இருந்தது. அவர் நேராக என்னிடம் வந்து ஃபோனை நீட்டினார். அதில் வெளிச்சம் இல்லை. கெட்ட சேதிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“அவதான் மாமா ஆஃப் பண்ணச் சொன்னா. நான் உள்ள போனதுமே சொன்னா. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே, இனி அது எதுக்குன்னு என்னைக் கேட்டா.”

சொல்லிவிட்டு மாப்பிள்ளை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோமதி பதறிப்போய்க் குழந்தை, குழந்தை என்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.